கலியாணக் கார்டில் ஏறிய சாபம்

போன சனிக்கிழமை மிசிசாகாவில் நண்பர் ஞானசேகரத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். மகளின் கலியாணக் கார்டை நீட்டினார். தங்க எழுத்து, பிள்ளையார், கீழே ஒரு வெண்பா.

"எங்கட பூட்டன்ரை பூட்டன் பாடினது, ஐசே. ஒல்லாந்தர் காலம் முடியிற நேரம்."

கொழும்பிலிருந்து உறவினர் ஃபாக்ஸில் அனுப்பியதாம். டச்சுக்காரர் ஆண்ட அந்தக் காலத்துக் கவிஞர்கள் பெரிய வீடுகளை நம்பி வாழ்ந்தவர்கள். ஊர் அதிகாரியான முதலியாரைப் பாடினால் பட்டு கிடைக்கும், நெல் கிடைக்கும். இந்தப் பாட்டிலும் மனை, அடுப்பு, முற்றம் எல்லாம் வருகின்றன. வாழ்த்துத்தான் என்று நண்பர் அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

பழைய பாட்டைக் கண்டால் பென்சிலால் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். பிரித்தேன்... கை நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து பிரித்தேன். அதேதான்.

மூன்று நாள் வாசலில் நின்றும் சோறு போடாத மனை இது. இதன் அடுப்பில் பூனை உறங்கட்டும், முற்றத்தில் எருக்கு முளைக்கட்டும் – இதுதான் பொருள். பசித்த புலவர் பாடிய வசை!

சொல்வதா, விடுவதா? சொல்லிவிட்டேன்.

ஞானசேகரம் வெளிறிப்போய் சோபாவில் அமர்ந்தார். கார்டுகள் எல்லாம் தபாலில் போய்விட்டன. குசினியிலிருந்து வந்த அவர் மனைவி மலருக்குக் கண் கலங்கியது. புலவர் வாக்குப் பலிக்கும் என்று நம்புகிறவர் அவர்.

விட்பியில் இருக்கும் சம்பந்திக்கு ஞானசேகரம் போன் எடுத்தார். மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் சம்பந்தி பாட்டைப் புகழத் தொடங்கிவிட்டாராம். பிரேம் போட்டுச் சாமியறையில் மாட்டியிருக்கிறாராம்!

எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. ஊரெல்லாம் போன கார்டு – ஒருவர்கூடப் படிக்கவில்லையா? பழைய கவிதையை நாம் கும்பிடுகிறோம். கும்பிடும்போது கண்ணை மூடிவிடுகிறோம்.

மலருக்கோ பயம் இரட்டிப்பானது. சாபம் இப்போது மகள் புகப்போகும் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. வசை பாடிய புலவரைத் திருப்பிக் கூப்பிட்டுச் சோறு போட்டால் அந்தக் காலத்தில் மாற்றிப் பாடுவார்களா என்று என்னிடம் கேட்டார். அப்படியும் வழக்கம் இருந்தது என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அப்ப இருங்கோ அண்ணை. கிழமைக்குக் கிழமை பேப்பரிலை எழுதிறியள்தானே? சாப்பிட்டிட்டு மாத்திப் பாடுங்கோ."

"நான் வசனம் எழுதிறவன், தங்கச்சி. பாட்டு வராது."

"எழுதிப்போட்டு எழும்புங்கோ."

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் வந்தது.

"வடிவா எழுதும், ஐசே. சம்பந்தியவை இதையும் பிரேம் போடுவினம்" என்றார் ஞானசேகரம்.

கை கழுவிவிட்டு எழுதினேன். நான்கே வரி. அடுப்பு எரியட்டும், வாசல் திறந்திருக்கட்டும், பசித்து வந்தவர் உண்டு போகட்டும்... இரண்டு இடத்தில் வெண்பாவுக்குத் தளை தட்டியது.

மலர் ஒவ்வொரு சொல்லிலும் விரல் வைத்துப் படித்தார். விளங்காத இடத்தில் நிறுத்தி அர்த்தம் கேட்டார். கடைசி வரியை மறுபடி வாசித்த பிறகுதான் என்னை எழும்ப விட்டார்.

இத்தனை வருஷமாக எழுதுகிறேன். என்னை இவ்வளவு கவனமாகப் படித்த வாசகர் இவர் ஒருவர்தான் – அதுவும் பயத்தில்!