வடக்கு ஜன்னல் வெயில்

அமரவிளையில் எங்கள் வீட்டு வடக்கு ஜன்னலில் வைகாசி மாத மாலை வெயில் நன்றாக விழும். அந்த நினைப்பில், கனடாவில் இருக்கும் மகனிடம் கறிவேப்பிலைத் தொட்டியை வடக்கு ஜன்னலில் வைக்கச் சொன்னேன். செடி பட்டுப்போனது.

"இங்க வெயிலு தெக்கதான் உண்டு அம்மா. நம்ம ஊரு பூமத்திய ரேகைக்குப் பக்கமாக்கும். அதான் அங்க சூரியன் தலைக்கு மேல ஏறி வடக்க போவும்" என்றான்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரே சூரியனை வைத்துக்கொண்டு ஊருக்கொரு நியாயமா?

இப்போதும் மாலையில் அவன் அறை ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். வெயில் அவனுடைய வெறும் கட்டிலில் சற்றுநேரம் கிடந்துவிட்டுப் போகிறது. வடக்கே போன சூரியன் ஆவணியில் சொல்லாமலே திரும்பிவிடும். தான் ஊருக்கு வரும் தேதியை ஒவ்வொரு வருஷமும் மாற்றி மாற்றிச் சொல்கிறவன் மகன்தான்.