வெறும் உருண்டை வாரம்

அன்று கிளினிக்கில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, மருந்து கட்டித் தரும் நான், முட்டி வலிக்கு வந்த ஆட்டோ முனிரத்தினம், விஜயபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த அமுதா, அவள் ஆறு வயது மகள் சுவாதி.

திருப்பதியில் ஹோமியோபதி கிளினிக். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். சர்க்கரை உருண்டையில் மருந்துச் சொட்டு விட்டு, குலுக்கி, பொட்டலம் கட்டுவது என் வேலை. பாட்டில் மாறிவிட்டதோ என்று எந்நேரமும் பயம். டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருபவர்களுக்கு முதல் வாரம் மருந்து விடாத வெறும் உருண்டைதான். நோயின் போக்கைப் பார்க்க வேண்டும் என்பார்.

அமுதா மகளுக்கு அப்படி ஒரு வாரம் கொடுத்து முடித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். "நல்லா குணமாயிடுச்சும்மா. அந்த உறியற மருந்தக்கூட நிறுத்திட்டேன்."

அவள் சொன்னது இன்ஹேலரை. சுவாதிக்கு வீசிங். வெறும் உருண்டையைக் கட்டியவன் நான். குழந்தையைப் பார்த்தேன். மூச்சுக்கு மூச்சு கழுத்துக் குழி உள்ளே போனது.

"அம்மா, பாப்பா கழுத்தப் பாருங்க" என்றேன்.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்த வேகத்தில் எடுத்தார். "முனிரத்தினம், வண்டிய எடு. பெரிய ஆஸ்பத்திரிக்கு."

"என் முட்டிம்மா..."

"உன் முட்டி ஓடிப் போவாது."

"ஓடுற முட்டியா இருந்தா நான் ஏன் இங்க வந்துகினு இருக்கேன்?" என்றபடியே அவர் ஆட்டோவைக் கிளப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் மாஸ்க்கில் மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் சுவாதி, "பன்னு துன்னலாமா?" என்றாள். அப்புறம்தான் அமுதா அழுதாள்.

வெளியே வந்து டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வெறும் உருண்டைக்கே குணம்னு சொல்றாங்க. அப்ப நம்ம மருந்து?"

"தானா ஏறி எறங்குற நோவு நெறைய இருக்குதுப்பா. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உருண்டைன்னு குடுக்கறவங்களுக்கே தெரியாம வெச்சு சோதிச்சிருக்காங்க. மொத்தமா பாத்தா பெரிய வித்தியாசம் நிக்கல. படிச்சிருக்கேன். ஒத்துக்கத்தான் மனசு வரல."

மறுநாளே வெறும் உருண்டை வாரம் நின்றது. இப்போது யார் வந்தாலும் முதல் கேள்வி, "எந்த மாத்திரைய நிறுத்தினீங்க?" வீசிங், சுகர் எல்லாம் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். கூட்டம் குறைந்ததும் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். போகவில்லை. மாத்திரையை விடாமல் போடுகிறார்களா என்று போனில் கேட்பது இப்போது என் வேலை. பயப்படுகிறவனுக்குப் பொருத்தமான வேலை.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். குணமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுங்கள். எதனால் குணமானது என்றும் கேளுங்கள்.

சுவாதி இன்ஹேலரோடு பள்ளிக்கூடம் போகிறாள், ஓடி விளையாடுகிறாள். முனிரத்தினம் மட்டும், பணத்தை நீட்டினால், "முட்டி சரியாவட்டும், அப்ப வாங்கிக்கிறேன்" என்கிறார். அன்றைய ஆட்டோ வாடகை நூற்றைம்பது ரூபாய் இன்னும் பாக்கி.