நடுங்கிய கையெழுத்து

கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் வந்தார். முறுக்கிய மீசை, விறைப்பாக நிமிர்ந்த உடம்பு. ஆனால் இரண்டு கைகளிலும் ஓயாத நடுக்கம். ராணுவத்தில் விமான ஓடுதளத்துப் புல்லுக்குப் பல வருடம் வெறுங்கையோடு களைக்கொல்லி அடித்தவர். வேலையால் வந்த நோயல்ல என்று ஊன ஓய்வூதியத்தை இருமுறை மறுத்துவிட்டார்கள். இது மூன்றாவது மனு.

மனுவை எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். பேனா அவர் பிடியில் நிற்கவில்லை. "கைநாட்டு வச்சிடுங்க சார்" என்றேன்.

"வேணாங்க. என் கை இன்னா ஆயிருக்குன்னு அவங்களே பாக்கட்டும்."

எழுத்துகள் கோணலாகிக் கோட்டைத் தாண்டி ஓடின. பாதியில் பேனா விழுந்தது. எடுத்துக்கொடுத்தேன், முழுப்பெயரையும் போட்டு முடித்தார்.

என்ன பதில் வந்ததோ, தெரியாது. அந்த மனுவில் நான் எழுதியது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. அவர் எழுதியது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.