சித்தியின் நீண்ட தீட்டு

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மாதந்தோறும் மூன்று நாள் ஓய்வு உண்டு. அதற்குத் தீட்டு என்று பெயர். புறவாசல் கிணற்றுக்கு அப்பால் அதற்கென்றே ஓலை வேய்ந்த சாய்ப்பு ஒன்று இருந்தது. அங்கே போனவள் நீர் இறைக்க வேண்டியதில்லை, நெல் குத்த வேண்டியதில்லை. சோறு அவளைத் தேடி வரும். எட்டு வயதில் நான் அதைப் பெரும்பேறாகவே கருதியிருந்தேன். எனக்கு எப்போது வாய்க்குமென்று ஏங்கியதும் உண்டு.

இந்த விதிகளுக்கெல்லாம் காவலாக இருந்தவள் அத்தை. அப்பாவின் அக்காள், இளமையிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வயலை அப்பாவும் அவர் தம்பியும் ஆண்டார்கள்; வீட்டை அத்தை ஆண்டாள்.

பூதப்பாண்டிப் பக்கமெல்லாம் கும்பப்பூ அறுவடை மும்முரமாக நடந்த ஒரு மாசி மாதத்தில், நெல் அவித்துக்கொண்டிருந்த சித்தி தன் சேலையில் குருதியைக் கண்டாள். அப்பாவுடைய தம்பியின் மனைவி அவள். வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. முன்பே ஒரு கரு தங்காமற் போயிருந்தது. வலியில்லை என்றாள்.

"ரத்தம் கண்டா தீட்டுதான். பொறத்த கூட்டிட்டுப் போட்டி," என்றாள் அத்தை.

"மயினி, சூலிக்கு ஏது மாசத் தீட்டு? இது வேற. ஆசுபத்திரிக்குக் கொண்டு போணும்," என்றாள் அம்மா.

"கொண்டு போ. ஆருட்டி வேண்டாம்னா? ஆனா அடுக்களை வழியா நடத்தாத."

வில்வண்டியில் வைக்கோல் பரப்பிச் சித்தியைக் கிடத்தி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். அழுது அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். மருத்துவரம்மா கொம்பு போன்ற ஒரு குழலைச் சித்தியின் வயிற்றில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். அம்மா சித்தியின் கையை விடவில்லை. பிறகு அவர் நிமிர்ந்து சிரித்தார். குழந்தையின் நெஞ்சு துடிக்கிறது என்றார். எனக்கும் வைத்துப் பாருங்கள் என்று கேட்டு அம்மாவிடம் கிள்ளு வாங்கியது மட்டும்தான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

அவர் கூறிய மற்றவற்றைப் பின்னாளில் அம்மா சொல்லக் கேட்டேன். சூலுற்றவளுக்குக் குருதி வந்தாலே கரு கலைந்துவிட்டது என்று பொருளில்லை. அதற்காக அதைச் சிறிதென்று தள்ளிவிடவும் கூடாது. நச்சுக்கொடி கீழிறங்கிக் கிடந்தால் வலியில்லாமலும் குருதி வரும். ஆகவே மருத்துவச்சி எவளும் உள்ளே கைவைத்துப் பார்க்கக் கூடாது. மீண்டும் கண்டாலோ, வயிறு வலித்தாலோ அந்த நாழிகையே வண்டி கட்ட வேண்டும். சில வாரமாவது பாரம் தூக்காமல் படுத்திருக்க வேண்டும்.

படுத்திருப்பதுதான் கடினம். அறுவடைக் காலத்து வீட்டில், பார்வைக்கு நோயில்லாத ஒரு பெண் நடுக்கூடத்தில் படுத்துக் கிடப்பதை யாரும் கண்டிக்காவிட்டாலும், அவள் நாணமே அவளை எழுப்பிவிடும். வீடு வந்ததும் அம்மா அத்தையின் ஆணைப்படியே சித்தியைச் சாய்ப்பில் சேர்த்தாள். தலைமாட்டைத் தாழ்த்திக் கால்மாட்டில் செங்கல் அடுக்கிய கயிற்றுக் கட்டிலும் உடன் போயிற்று.

"வௌவாலு மாதிரி தொங்குகேன் மக்கா," என்றாள் சித்தி, வாசலுக்கு வெளியே நின்ற என்னிடம்.

சில நாளில் குருதி நின்றுவிட்டது. அம்மா அதை யாருக்கும் சொல்லவில்லை. தீட்டு நின்றதென்றால் தலைக்கு நீர். நீர் ஊற்றினால் அடுக்களை. அடுக்களை என்றால் நெல் அவிக்கும் அண்டா. அத்தையின் சட்டத்தைக் கொண்டே அத்தையை வெல்வதென்று அவள் தீர்மானித்திருந்தாள்.

"நின்னுட்டா?" என்று அத்தை காலைதோறும் கிணற்றடியிலிருந்து கேட்பாள்.

"இல்ல மயினி, இன்னும் இரிக்கு," என்பாள் அம்மா.

"செரி, கெடக்கட்டும்." முணுமுணுத்தபடியே சித்தியின் பங்கு வேலையையும் அத்தை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

நாளாக ஆக, நீர் எடுக்க வரும் அண்டை வீட்டுப் பெண்களுக்கு நாக்கு அரிக்கத் தொடங்கியது. "அறுப்புத் தீருறது வரைக்கும் ஒனக்குத் தீட்டு தீராதாக்கும்?" என்று ஒருத்தி சாய்ப்பை நோக்கிக் குரல் கொடுத்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்று மாலை, "எந்திரிச்சிருகேன் அக்கா, மானம் போகுது," என்று அம்மாவிடம் அழுதாள்.

அந்த நிலையில்தான் நான் வாய் திறந்தேன். களத்தில் எல்லாரும் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது, என் கூர்மதியைக் காட்டும் விருப்பத்தால் உரக்கச் சொன்னேன்: "அத்தை, சித்திக்க தீட்டுத் துணியே வேலியில காயல்லியே. அம்மைக்குன்னா காயுமே!"

அம்மாவின் முறம் நின்றது. கேலி பேசிய அண்டை வீட்டுக்காரியின் பார்வை மெல்ல உயர்ந்தது. அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, ஊரார் துணி பாக்கதுதான் ஒனக்குப் படிப்பா? போயிக் கோழிய வெரட்டு."

மறுநாட் காலையில், கிணற்றடியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படும்படி, வேலியில் வெள்ளைத் துணிகள் வரிசையாகக் கிடந்து நீர் சொட்டின. கேலி பேசியவள் அவற்றைக் கண்டு, வாயை மூடிக்கொண்டு குடத்தைத் தூக்கினாள். அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி, நானில்லை என்பதுபோல் தலையசைத்தாள்.

அறுவடை முடிந்து கடைசிப் பொதி பத்தாயத்தில் விழுந்த அன்று அத்தை தானாகவே சொன்னாள்: "இனி அவ குளிச்சிட்டு உள்ள வரட்டும்." தீட்டு நின்றதா என்று அன்றைக்கு மட்டும் அவள் கேட்கவில்லை. ஆனி மாதத்தில் ஆசுபத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஊர் கேட்கும்படி அழுதது. படுத்திருந்ததுதான் அவளைக் காத்ததா என்று கேட்டால், இக்கால மருத்துவர்கள் உறுதி கூறத் தயங்குகிறார்கள். அந்தக் குழந்தையோ இன்று தக்கலையில் பேரப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டு நலமாக இருக்கிறாள்.

வேலியில் துணி கிடந்த அந்த விடியலில் வீட்டில் எனக்கு முன்னே எழுந்திருந்தவள் ஒருத்தியே. ஈரக் கையோடு வேலிப் பக்கமிருந்து அத்தை வருவதைக் கண்டேன். தீட்டுத் துணியின் நிழல் பட்டாலும் தலை முழுகாமல் படியேறாதவள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குள் போய் அடுப்பை மூட்டினாள். வயதாகிவிட்டது, அத்தை குளிக்க மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். குளித்துப் போக்கவேண்டிய எதுவும் அந்தத் துணிகளில் இல்லையென்பது எனக்குத் தோன்றவேயில்லை.