பதினான்காம் நம்பர் பஸ்ஸும் பாஸ்கல் சாரின் நான்காவது டீமும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி இயக்குநரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் பி.டி. சார். எனக்கு மட்டும் பாஸ்கல் சார். ஆவடி போகும் பதினான்காம் நம்பர் காலேஜ் பஸ்ஸில் ஆறு வருஷமாக எனக்கு எதிர்ப்பக்க இருக்கை அவருடையது. நாள் முழுக்கக் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து ஜன்னலோரம் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்றால் விட மாட்டார். "ராஜகுமாரி மேடம், விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அந்த விஷயம் எப்போதும் ஒன்றுதான். அவருடைய கால்பந்து டீமை மூடப்போகிறார்கள்.

மனிதர் பயந்த சுபாவம். சட்டைப் பையில் ஒரு பக்கம் விசில், மறுபக்கம் அல்சர் மாத்திரை. சேர்மன் அறையிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார், ஓடுகிற பஸ்ஸாக இருந்தாலும் சரி. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அவர் கதையைத் தெரிந்துகொண்டபோது, இந்த ஆள் இதைவிடக் குறைவாகப் பயப்பட்டிருந்தால்தான் ஆச்சரியம் என்று பட்டது.

பிறந்தது ஆவடி. அப்பாவுக்கு டாங்கித் தொழிற்சாலையில் வேலை. பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பந்து பழகி, அம்பத்தூரில் ஒரு கம்பெனி டீமில் சேர்ந்தார். நஷ்டக் கணக்கு காட்டி கம்பெனி டீமைக் கலைத்தது. ஆட்டக்காரர்களை பேக்கிங் பிரிவுக்கு அனுப்பியது. அடுத்து ஆவடியில் நண்பர்களோடு ஒரு கிளப். அவர்கள் ஆடிய மைதானத்தை விற்று அடுக்குமாடி கட்டினார்கள். விருதுநகரிலிருந்து வந்து நான் வாடகைக்கு இருக்கும் வீடு அந்த அடுக்குமாடியில்தான் இருக்கிறது. "உங்க கிச்சன்கிட்ட தான் மேடம் எங்க பெனால்டி பாக்ஸ்" என்று அவர் சிரிக்காமல் சொன்னபோது மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தேன். மூன்றாவது, ஒரு பள்ளிக்கூட டீம். அவர்கள் கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டார்கள். "நீங்க கால வச்ச டீம் எது உருப்பட்டுது?" என்று அவர் மனைவி ஹெலினா கேலி செய்வாராம். எங்கள் பல்கலைக்கழக டீம் நான்காவது.

அதுவும் நல்ல நிலைமையில் இல்லை. பையன்களுக்குக் காலையில் இரண்டு முட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது ஒன்றானது, பிறகு சுண்டலானது. கிழிந்த பூட்ஸை இவரே பூந்தமல்லிக்குக் கொண்டுபோய்த் தைத்துவருவார். ஆனால் முட்டையும் பூட்ஸும் அவருக்குப் பெரிய கவலை இல்லை. பையன்கள் எல்லோரும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர்கள். டீம் இருக்கும்வரை ஃபீஸ் கிடையாது. டீமை மூடினால் மறு செமஸ்டரே முழு ஃபீஸ் கட்ட வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும். கோல்கீப்பர் கிஷோர் என் வகுப்புதான். ஆவடி கோவர்த்தனகிரிப் பையன், அம்மா துணி தைத்துப் பிழைக்கிறார். முழு ஃபீஸ் என்றால் அந்த வீட்டில் தையல் மிஷினை விற்றாலும் பத்தாது.

இந்த ஜனவரியில் சேர்மன் பாஸ்கல் சாரைக் கூப்பிட்டு நேரடியாகச் சொல்லிவிட்டார். மைதானத்தைச் செயற்கைப் புல் போட்டு மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டால் ஐ.டி. பையன்கள் வந்து குவிவார்கள். சொந்த மாணவர்களே எட்டிப் பார்க்காத டீமுக்கு எதற்குச் செலவு? "அடுத்த ரெண்டு சனிக்கிழமையும் நம்ம கிரவுண்ட்ல மேட்ச் இருக்குல்ல? நானே வந்து பாக்கறேன். கேலரி ரொம்பியிருந்தா டீம் இருக்கும். இல்லன்னா நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

அன்று பஸ்ஸில் பாஸ்கல் சார் என்னிடம் எதுவும் பேசவில்லை. அதுவே எனக்குத் திக்கென்றது. பருத்திப்பட்டு தாண்டியதும் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, "நாலேகால் மேடம். நாலேகால் தான் நம்ம எதிரி" என்றார்.

அவர் சொன்னது உண்மை. மேட்ச் மூன்றரைக்குத்தான் தொடங்கும். காலேஜ் பஸ் எல்லாம் நாலேகாலுக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் பூந்தமல்லி வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து நின்றுகொண்டே டவுன் பஸ். யார் அந்தப் பாடு படுவார்கள்? அட்டெண்டன்ஸ் தருகிறோம் என்று ஆசை காட்டி உட்கார வைத்தாலும், ஹார்ன் சத்தம் கேட்டால் பாதி ஆட்டத்தில் கேலரி காலி. மேட்சைக் காலையில் வைக்கலாமே என்று கேட்டேன். "டீன் வகுப்பு விட மாட்டார் மேடம்" என்றார்.

பயந்த மனிதர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தால் அது எசகுபிசகாகத்தான் போய் முடியும். இவர் போக்குவரத்துப் பொறுப்பாளர் சம்பந்தத்தைப் பிடித்தார். சேர்மனே வருகிறார் என்று சொல்லிச் சம்மதிக்கவைத்தார். சனிக்கிழமை மதியம் சம்பந்தத்தின் பெயரில் எல்லோருக்கும் வாட்ஸப்பில் செய்தி வந்தது: இன்று மேட்ச் முடிந்த பிறகே பஸ்கள் கிளம்பும்.

வேறு வழியில்லாமல் எல்லோரும் கேலரியில் வந்து உட்கார்ந்தோம். நானும்தான். காய்ச்சலும் தலைவலியுமாக வீட்டுக்குப் போய்ப் படுக்க நினைத்திருந்த எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்குப் பந்தாட்டம் தெரியாது. பக்கத்தில் என் மாணவி ரோஷினி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆவடியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மாலை நேரம் பில் போடுகிற வேலை அவளுக்கு. தாமதமாகப் போனால் அன்றைய சம்பளம் பாதி. சம்பந்தத்தை அவள் வைத வசவுகளைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஆட்டம் ஆளுக்கொரு கோலில் முடிந்தது. அப்பாடா என்று எழுந்தவர்களை மறுபடி உட்காரச் சொன்னார்கள். டைபிரேக்கராம். இரண்டு பக்கமும் மாறி மாறி ஐந்து பேர் கோல் அடிக்க வேண்டும். கேலரி முழுக்க ஒரு முனகல் எழுந்தது. கடைசியில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று, எதிரணிக்கு ஒரே ஒரு அடி பாக்கி.

"இப்ப என்ன?" என்று ரோஷினியிடம் கேட்டேன்.

"அவன் அடிச்சா அவங்க ஜெயிச்சாங்க, ஆட்டம் முடிஞ்சுது மேடம். பஸ் போயிடும். கிஷோர் பிடிச்சுட்டா இன்னும் இழுத்துகினு போவும்."

இதை அவள் ஒருத்தி மட்டும் கணக்குப் போட்டிருக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் எழுந்து எதிரணிப் பையனைப் பார்த்து, "அடி மாமே!" என்று கத்தினான். அவ்வளவுதான். கேலரி மொத்தமும் எழுந்து நின்றது. "அடி! அடி! அடி!" தகரக் கூரை அதிர்ந்தது. "உட்ரா கிஷோரு! ஊட்டுக்குப் போவணும்டா!" கோல் கம்பத்தின் முன்னால் நின்றிருந்த கிஷோர் ஒரு முறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

அவன் பாய்ந்து பந்தைப் பிடித்துவிட்டான். சொந்தக் கேலரி அவனை ஊளையிட்டுத் திட்டியது.

அதற்குப் பிறகு நம் பையன் ஒரு கோல் அடித்தான், எதிரணிப் பையன் கம்பத்துக்கு மேலே அடித்தான், நாம் ஜெயித்துவிட்டோம். பையன்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்பதற்குள் கேலரி காலி. எல்லோரும் பஸ்ஸை நோக்கி ஓடினார்கள்.

சேர்மனுக்கும் பந்தாட்டம் தெரியாது. மேடையிலிருந்த அவருக்குச் சத்தம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. பாஸ்கல் சாரின் தோளில் தட்டி, "இன்னா சத்தம்யா! இதான் எனக்கு வேணும். அடுத்த வாரமும் இதே கூட்டம், இதே சத்தம். டீமைப் பத்திக் கவலையே படாத" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பதினான்காம் நம்பர் பஸ்ஸில் மாணவர்களில் கிஷோர்தான் கடைசியாக ஏறினான். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "இன்னா மச்சான், அந்த பால உட்டிருந்தா எப்பவோ போயிருக்கலாம்ல?" என்று ஒருவன் கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். கிஷோரும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. இவனுக்குப் பின்னாலேயே ஏறிய பாஸ்கல் சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படியில் நின்றார். பேச்சு சம்பந்தத்தின் மேல் திரும்பியது. ரோஷினிதான் உரக்கச் சொன்னாள்: "அந்த ஆளுக்கு இன்னா, ஜாலியா ஊட்ல உக்காந்துகினு மெசேஜ் போடுவான். போன என் சம்பளத்த அவனா குடுப்பான்?"

"அவர் இல்லம்மா. நான்தான்" என்றார் பாஸ்கல் சார்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார். "கூட்டம் இல்லன்னா டீமை மூடிடுவேன்னாங்க. அதான் வண்டிய நிறுத்தச் சொன்னேன். தப்புதான். எம் பசங்கள ஊரே சேர்ந்து திட்டறதுக்கு நானே ஆள் பிடிச்சுக் குடுத்துட்டேன். அடுத்த வாரம் நாலேகாலுக்கு வண்டி கெளம்பும். யாரையும் அடைச்சு வெக்க மாட்டேன்."

"அப்ப நம்ம டீமு சார்?" என்று கிஷோர் கேட்டான்.

பாஸ்கல் சார் தன் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். ஆவடி வரை யாரும் பாட்டுப் போடவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஹெலினா எனக்குப் போன் செய்தார். நானும் பயந்தேன். வேண்டாத வீராப்பு, இன்னொரு வாரம் வண்டியை நிறுத்தினால்தான் என்ன குடிமுழுகிவிடும் என்று அவரிடமே கேட்டேன். "எனக்கும் அப்படித்தான் தோணுது மேடம். ஆனா அந்தப் பையன் திரும்பிப் பாத்தான்ல" என்றார்.

இரண்டாவது சனிக்கிழமையும் அட்டெண்டன்ஸுக்காகக் கேலரி நிறைந்துதான் இருந்தது. சேர்மன் சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். நாலேகாலுக்கு ஹார்ன் அடித்தது. அணை திறந்த மாதிரி கூட்டம் இறங்கி ஓடியது. சேர்மன் எழுந்துவிட்டார். "வண்டிய யாரு கெளம்பச் சொன்னது? சம்பந்தம் எங்கே?"

"நான்தான் சார் சொன்னேன்" என்றார் பாஸ்கல் சார்.

சேர்மன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லிக் கிளம்பினார். திங்கட்கிழமை என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் வீணாக நம்பிக்கை வளர்த்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வருஷத்திலிருந்து கால்பந்துக்குப் புதிதாக யாரையும் சேர்க்க மாட்டார்கள். இருக்கும் பையன்களுக்கு மட்டும் படிப்பு முடியும்வரை ஃபீஸ் கிடையாது. அவர்கள் போனதும் செயற்கைப் புல் வரும். அந்த அளவுக்காவது சேர்மன் இரங்கினார். பாஸ்கல் சாரின் நான்காவது டீமுக்கும் நாள் குறித்தாயிற்று.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் இதையெல்லாம் அறியாமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் ஃபெலிக்ஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், நம்ம பஸ்ல மட்டும் ஆளே இல்ல? எல்லாம் எங்க பூட்ச்சு?" என்றார். திரும்பிப் பார்த்தேன். என்னையும் சேர்த்து ஆறு பேர். மற்ற பஸ்களெல்லாம் நிரம்பி வழிந்தன. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பதினான்காம் நம்பர் பஸ் மொத்தமும் கேலரியில் இருந்தது. நாற்பது பேர் இருக்கலாம். அவ்வளவு பெரிய கேலரியில் ஒரு மூலைகூட நிறையவில்லை. போன வாரம் கிஷோரைக் கேலி செய்தவனும் இருந்தான். ரோஷினி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "உன் வேலை?" என்று கேட்டேன். "வயித்து வலின்னு சொல்லிட்டேன் மேடம், நீங்க வேற" என்றாள்.

ஆட்டம் இன்னும் கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எதிரணிப் பையன் பந்தோடு வேகமாக வந்தான். ரோஷினி எழுந்து தொண்டை கிழிய, "கிஷோரு!" என்று கத்தினாள். உடனே மற்றவர்களும் எழுந்து கத்தினார்கள். "கிஷோரு! கிஷோரு!" எனக்கே தெரியாமல் நானும் கத்தியிருக்கிறேன்.

தன் பெயரைக் கேட்டதும் பையன் கேலரிப் பக்கம் திரும்பிவிட்டான். போன வாரம் திரும்பிய அதே மாதிரி. அவன் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து பந்து அவனைத் தாண்டி வலைக்குள் போனது.

அந்த ஒரு கோலில் நாம் தோற்றோம். கோட்டோரம் பாஸ்கல் சார் தலையில் கை வைத்துக்கொண்டு குதித்தார். "கேலரியப் பாக்காதடா! பாலைப் பாருடா!" என்று கத்தினார். கத்திவிட்டு அவரும் ஒரு முறை எங்களைத் திரும்பிப் பார்த்தார். அன்று மாலை ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது அவரே சொன்னார், முப்பது வருஷத்தில் ஒரு கோல்கீப்பரைப் பார்த்து அப்படிக் கத்த வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லையாம்.