ஆர்டர் குறைந்த வருஷம்

சேதராப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் என் தம்பிக்கு வேலை கிடைத்த அன்று எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடிய பிறகு, முதலியார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து கம்பெனி பஸ் ஏறிய முதல் ஆள் அவன்தான். காண்ட்ராக்ட் வேலைதான், ஆனால் ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். ஓவர்டைம் மேல் ஓவர்டைம். பைக் வாங்கினான். அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வந்தது.

கஞ்சாவும் அந்தப் பணத்தோடுதான் வந்தது. சனி ஞாயிறு ஊரெல்லாம் வெளியூர்க் கார்கள். சுற்றுலா வந்தவர்களுக்காக ஊருக்குள் வந்த சரக்கு தொழிற்சாலைப் பையன்களுக்கும் கிடைத்தது. தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் நிற்க ஒரு மாத்திரை, பிறகு தூங்க ஒரு மாத்திரை என்று கூட வேலை செய்தவர்கள் பழக்கிவிட்டார்கள். வேலைக்கு ஒழுங்காகப் போய் வந்ததால் வீட்டில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

திடீரென்று ஆர்டர் குறைந்தது. முதலில் காண்ட்ராக்ட் ஆட்களைத்தான் நிறுத்தினார்கள். அம்மா அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவே அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

“கையில காசு இல்லன்னா எத வாங்குவான்? தானா விட்டுடுவான் பாரு” என்றாள்.

நானும் அதை நம்பினேன். ஆனால் காசு இல்லாதவன் மலிவானதைத் தேடிப் போனான். வலி மாத்திரை, பிறகு ஊசி. வேலை இருந்தபோது நாலு பேரோடு சேர்ந்து செய்தவன், இப்போது மாடி அறையில் தனியாகச் செய்தான். காலையில் எழுந்து போக வேண்டிய இடமும் இல்லை. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து வந்து தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். இறங்கி வரவில்லை. மாடிக்குப் போனேன். சுவரில் சாய்ந்து கிடந்தான். உதடு நீலமாக இருந்தது. குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும், நிற்கும், நெடுநேரம் கழித்து மறுபடி வரும். கீழே கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அண்ணன் ஓடிவந்தார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றி வரும் லோடு ஆட்டோ அவருடையது. ஐஸ் உருகி ஈரமாகக் கிடந்த அதன் பின் தொட்டியில் தம்பியைப் படுக்கவைத்தோம். நானும் ஏறிக்கொண்டேன்.

விடுமுறை நாள். சாலை முழுக்க கார். அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது இறங்கி ஓடிப்போய் முன்னால் நின்ற கார்களைக் கையால் தட்டி விலக்கினார். நான் தம்பியின் கன்னத்தில் அடித்துக்கொண்டே வந்தேன். மூச்சு விடு, மூச்சு விடு என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி, என்ன போட்டான் என்று. போலீஸ் வருமோ என்று பயந்தேன். இருந்தாலும் அட்டையை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் தம்பியின் நெஞ்சு தூக்கிப் போட்டது, தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவன் மாதிரி காற்றை இழுத்தான். உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“அக்கா, ஏன் மீன் நாத்தம் அடிக்குது?”

நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை தெரியாது. எதிர்வீட்டு அண்ணன் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிகிச்சை நீண்டது, ஆஸ்பத்திரி மாத்திரையும் தொடர்ந்தது. நடுவில் ஒருமுறை சறுக்கினான், மறுபடி சிகிச்சைக்குப் போனான். அதற்குள் ஆர்டர் திரும்பியது, கம்பெனியிலிருந்து போன் வந்தது. அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்குத்தான் திக்கென்றது. பழையபடி ஓவர்டைம், கை நிறையப் பணம், அதே கூட்டாளிகள். ஆனால் அவனே வேண்டாமென்றான். அந்த பஸ்ஸில் ஏற பயமாக இருக்கிறது என்றான். எதிர்வீட்டு அண்ணன் தனக்குத் தெரிந்தவரிடம் சொல்லி, நோணாங்குப்பத்தில் சுற்றுலாப் படகு வேலைக்குச் சேர்த்துவிட்டார். சீசனில் ஓய்வே இல்லை. வெயிலில் கறுத்து, உடம்பு தேறி வந்தான்.

மழைக்காலம் வந்தது. படகுகளை நிறுத்தினார்கள். மறுபடி வேலையில்லா நாட்கள். நான் வேலை பார்க்கும் பேக்கரியிலிருந்து அவனுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். முதலாளியிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் பறந்தேன். மாடி அறை காலி. கொட்டும் மழையில் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி நோணாங்குப்பம் போய்ச் சேர்ந்தேன்.

படகுத்துறையில் நாலைந்து பேர் கத்திக் கும்மாளமடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிப்போட்ட படகுகளில் மழைத் தண்ணீர் நிரம்பிவிடாமல் இறைத்துக்கொண்டிருந்தார்கள். தொப்பலாக நனைந்த என் தம்பிதான் அதில் பெரிய சத்தக்காரன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான்.

“காலைலயே ஆஸ்பத்திரி போய் மாத்திர வாங்கிட்டேன்க்கா. வீட்ல சும்மா இருந்தாதான் ஆபத்து. அதான் இங்க வந்துட்டேன்.”

சந்தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, கரையில் கிடந்த ஒரு வாளியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் படகில் இறங்கினேன்.