ஒன்றும் இல்லை என்று சொன்ன டிரஸ்ஸர்

தோட்டத்து மருந்தறையில் ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வேலையில் மருந்தைவிட அதிகம் செலவாவது ‘ஒன்றும் இல்லை, சரியாகிவிடும்’ என்ற வார்த்தைதான். எழுபதுகளில் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் அதை வாரி வழங்கினேன்.

புத்தகம் வந்த விதம்

ஈப்போவில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த காதர் அண்ணன் முதுகுவலி என்று புலம்புவார். அதுவும் நல்லதற்குத்தான், வலித்தால்தானே உட்கார்வீர்கள் என்பேன். ஒரு நாள் அட்டை கிழிந்த மொழிபெயர்ப்பு ஒன்றை நீட்டினார். ஐரோப்பாவில் இருநூறு வருஷத்துக்கு முன் எழுதிய நையாண்டிக் கதையாம். என்ன நடந்தாலும் நன்மைக்கே என்று பாடம் நடத்தும் ஒரு வாத்தியார், அதை நம்பி ஊர் ஊராக அடிபடும் மாணவன்.

“படிங்க தம்பி, ஒங்களப் பாக்காமலே ஒங்களப் பத்தி எழுதிட்டான்லா.”

பெரட்டுக்கு முன்

விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு; டிரஸ்ஸர் எழுதும் நோய்ச் சீட்டு இல்லாமல் யாரும் வேலைக்குப் போகாமல் நின்றுவிட முடியாது. பால்மரம் வெட்டும் பொன்னம்மா அக்கா மூன்று மாதமாக இருமிக்கொண்டு வந்தார். புத்தகம் கிடைத்த மறுநாள் காலையும் பனியில் நடப்பதால்தான் என்று சொல்லி, இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். சீட்டு எழுதவில்லை. சீட்டு கூடினால் மானேஜரிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

“நீங்க ஒன்னும் இல்லன்னா ஒன்னும் இல்லதான் ஐயா, ஆனா இந்த இருமலுக்கு அது தெரியலயே.”

சிரிப்பு நின்ற இடம்

அன்று மத்தியானம் மருந்தறையில் கதையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். வாத்தியாருக்கே நோய் வந்து ஒரு கண் போகிறது. அப்போதும் எல்லாம் நல்லபடிதான் நடக்கிறது என்கிறார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததைக் காலையில் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேனே. எடைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, அக்காவைப் பார்க்கத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினேன்.

மறுநாளே சீட்டு எழுதி, எக்ஸ்ரேயில் நெஞ்சுப் படம் எடுக்க ஈப்போவுக்கு அனுப்பினேன். முடிவு வர எட்டு நாள் ஆனது. அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், எல்லோரும் ஒரே அறையில் படுப்பவர்கள். தோட்டத்தில் யார் இருமினாலும் கூப்பிட்டு எடை போட்டுப் பார்த்தேன். கடைசியில் காசநோய் என்று கடிதம் வந்தது. மருந்தில் குணமாகும், ஆனால் முன்னாலேயே அனுப்பியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நானே போய்ச் சொன்னேன், தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்து. அக்கா திட்டவில்லை.

“மூனு மாசமா எங்கிட்ட இல்லாதது இன்னைக்கு எப்படிங்கய்யா வந்துச்சி?”

கதையில் வரும் வாத்தியாருக்குக் கண் போயும் வராத புத்தி எனக்கு ஒரே ஒரு நெஞ்சுப் படத்தில் வந்துவிட்டது, நெஞ்சு மட்டும் என்னுடையதல்ல.